செம்பிக்கு வந்த அரிப்பு: ஆரம்பத்துல இருந்து முழு விவரம்

நாய் பேரு செம்பி. நாட்டு நாய், பொட்டை, வயசு 3, கருத்தடை ஆப்பரேஷன் முடிஞ்சது, எடை 17 கிலோ. எங்க வீடு சோழவந்தான்ல கொடிக்கால் பக்கம். பகல்ல வாசல் வேப்பமரத்தடி, ராத்திரி ஆட்டுக் கொட்டத்தை ஒட்டி இருக்குற வைக்கோல் படப்பு ஓரம், இதுதான் அவ இடம். சாயங்காலம் அம்மா திண்ணையில உக்காந்து வெங்காயம் உரிக்கும்போது மட்டும் மடியில தலைய வச்சுப் படுத்துக்குவா. கழுத்துல ஒரு சின்ன மணி கட்டியிருக்கோம், இந்த மணிய ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

இதை இவ்ளோ விலாவாரியா எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. நாய்க்கு அரிப்புன்னா எங்க ஊர்ப்பக்கம் எல்லாரும் கேக்குற மொத கேள்வி "என்ன தடவலாம்?"ங்கிறதுதான், நானும் அதையே தான் கேட்டேன், கிட்டத்தட்ட ஆறு வாரம் ஆளாளுக்குச் சொன்னதெல்லாம் தடவி அந்த ஜீவனை நாங்க படுத்துன பாடு இருக்கே. எதனால அரிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல. அந்தக் கேள்விய மொதல்ல கேட்டது ஒரு டாக்டரம்மா, அதுக்கப்புறம் ஒரு மாசத்துல பெரும்பாலும் அடங்குன விஷயம் இது.

ஐப்பசி மழை ஆரம்பிச்ச நேரம். காதைப் பின்னங்காலால சொறிஞ்சுக்கிட்டே இருந்தா, மழைத்தண்ணி காதுல போயிருச்சு போலன்னு விட்டுட்டோம். ஒரு வாரத்துல ராத்திரி பூரா மணிச் சத்தம். சொறியும்போது மணி குலுங்கும்ல, அது நிக்கவே இல்ல, பன்னெண்டு மணிக்கும் கேக்குது மூணு மணிக்கும் கேக்குது. காலைல பார்த்தா முழங்கை ரெண்டுலயும் முடி உதிர்ந்து தோல் செவந்து கெடக்கு.

அம்மா சொன்னாங்க, "கருவாடு போட்டுப் போட்டு ஒடம்பு சூடாயிருச்சுப்பா, நாலு நாளைக்குத் தயிர்சோறு போடு." போட்டோம், குறையல. சாப்பாட்டு அலர்ஜின்னு ஒண்ணு நெசமாவே இருக்கு, ஆனா அதை நாலு நாள்ல கண்டுபிடிக்க முடியாதுன்னு எனக்கு அப்பத் தெரியாது. அந்த நாய் அதுவரைக்கும் சாப்பிட்டே இராத ஒரு கறி, அதோட ஒரு மாவுச்சத்து, இதை மட்டும் குறைஞ்சது 8 வாரம் குடுக்கணும், நடுவுல ஒரு பிஸ்கட் கூட போடக்கூடாது, குறைஞ்சா பழைய சாப்பாட்டை மறுபடி குடுத்து அரிப்பு திரும்புதான்னு பார்க்கணும், அப்பத்தான் உறுதி.

அடுத்து துணி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுனோம். நாய்த் தோல் நம்ம தோல் மாதிரி புளிப்புத்தன்மை உள்ளது இல்ல, நமக்குப் போடுற சோப்பே அதுக்கு ஒத்துக்காது, துணி சோப்பு இருக்குற கொஞ்ச நஞ்ச எண்ணெய்ப் பசையையும் வழிச்சு எடுத்துரும். தோல் வறண்டு போயி பொடுகு மாதிரி உதிர ஆரம்பிச்சது. அந்த வறட்சிக்கு வேப்பெண்ணெய். கசப்பு தாங்காம நுரை கக்கிக்கிட்டு நக்குனா, ஒடம்பெல்லாம் பிசுபிசுன்னு மண்ணு அப்பிக்கிட்டது, மணி மட்டும் நிக்கல. வேப்பிலை போட்டுக் காய்ச்சுன தண்ணிய ஆறவச்சு ஊத்துறதுல ஒரு கெடுதலும் இல்ல, கொஞ்ச நேரம் குளுகுளுன்னு இருக்கும், ஆனா தோலுக்குள்ள வளை தோண்டி உக்காந்திருக்குற பூச்சிய அது ஒண்ணும் பண்ணாது.

பெரிய தப்பு நாலாவது வாரம் நடந்துச்சு. சித்தப்பா டிராக்டர்ல இருந்து வடிச்ச கழிவு ஆயிலை ஒரு கேன்ல கொண்டாந்தாரு. "டேய், எங்க காலத்துல சொறி நாய்க்கு இதான் மருந்து, ஒரே தடவைல விட்டுரும்"னாரு. நானும் சேர்ந்துதான் தேய்ச்சேன், அதை மறைக்க விரும்பல. நாய்ன்னா ஒடம்புல என்ன இருந்தாலும் நக்கும்ல, அன்னிக்கு ராத்திரியே வாந்தி, மறுநாள் பூரா வயித்தால போச்சு, அடிவயித்துத் தோல் வெந்த மாதிரி செவந்து தண்ணி கோத்துக்கிச்சு. அந்த ஆயில்ல எஞ்சின்ல தேய்ஞ்ச உலோகத்தூள்ல இருந்து எரிபொருள் கழிவு வரைக்கும் எல்லாம் இருக்கு. பாத்திரம் கழுவுற லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணியும் வச்சு மூணு தடவை கழுவி எடுத்தோம். சித்தப்பாவைக் குறை சொல்ல இதை எழுதல. அவருதான் அன்னிக்கு விடிய விடிய அவ பக்கத்துல உக்காந்து ஸ்பூன்ல தண்ணி குடுத்தாரு, அவரு கண்ணு கலங்கி நான் பார்த்ததே கம்மி. ஆனா இப்பவும் யாராச்சும் ஒருத்தரு எங்கயோ இதைப் பண்ணிக்கிட்டு இருப்பாரு, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. சீமெண்ணெயும் அப்படித்தான்.

அப்புறம் மதுரையில ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டு நிமிஷம்தான், காதைத் தூக்கிக்கூட பார்க்கல, ஒரு ஊசி போட்டாய்ங்க, சீட்டு எதுவும் தரல. நம்ப மாட்டீங்க, மறுநாள் ராத்திரி மணி சத்தமே இல்ல. அம்மா சாமிக்கு வேண்டிக்கிட்டாங்க. ஆனா தண்ணி குண்டாவை மூணு நேரமும் காலி பண்ணுனா, படுத்த இடத்துலயே ஒண்ணுக்கு போயிட்டா, எவ்ளோ போட்டாலும் பசி அடங்கல. 11-வது நாள் அரிப்பு திரும்ப வந்துச்சு, முன்ன மாதிரி இல்ல, ரெண்டு மடங்கு. காது ஓரமெல்லாம் சாம்பக் கலர்ல பொருக்கு கட்டிப்போச்சு, தோல்ல இருந்து ஒரு புளிச்ச வாடை.

இதுக்கு மேல தாங்காதுன்னு சித்தப்பா லோடு ஆட்டோவுல ஏத்தி அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க இருந்த டாக்டரம்மா நாயைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் எங்களைத்தான் கேள்வி கேட்டாங்க. மொதல்ல எந்த இடத்துல சொறிஞ்சுச்சு, அரிப்பு முதல்ல வந்துச்சா புண்ணு முதல்ல வந்துச்சா, ராத்திரி கூடுதலா, என்ன சாப்பாடு, எங்க படுக்கும், வேற நாய்ங்க கூடப் பழகுதா, இதுவரை என்னென்ன போட்டீங்க. ஊசியப் பத்திச் சொன்னதும் தண்ணி நெறைய குடிச்சாளான்னு அவங்களாவே கேட்டாங்க. ஸ்டீராய்டா இருக்கும்னாங்க. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்ல தம்பி, அலர்ஜிக்கு நானும் எழுதுவேன், ஆனா பூச்சி இருக்கா இல்லையான்னு பார்க்காம போட்டா நாய்க்கு எதிர்ப்பு சக்தி அமுங்கும், பூச்சி நல்லாப் பெருகும், உங்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கும்னு பொறுமையாச் சொன்னாங்க.

அரிக்குற இடத்தை வச்சே பாதி தெரியும்னாங்க, இது எனக்குப் புதுசு. வாலடி, இடுப்பு மேல்பக்கம் கடிச்சுக்கிட்டே இருந்தா தெள்ளுப்பூச்சியத் தேடணும். பாதத்தை நக்கிக்கிட்டே, மூஞ்சிய தரையில தேய்ச்சுக்கிட்டே, அக்குள் செவந்து இருந்தா தூசி, பூந்தாது மாதிரி அலர்ஜியாவோ சாப்பாடாவோ இருக்கலாம். குட்டி நாய்க்குக் கண்ணைச் சுத்தி முடி உதிர்ந்து வட்ட வட்டமா, பெருசா அரிப்பு இல்லாம இருந்தா அது டெமோடெக்ஸ்ங்கிற வேற வகைத் தோல் பூச்சி, மத்த நாய்க்கு ஒட்டாது. காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, அடிவயிறு, இந்த நாலும் சேர்ந்து வந்து ராத்திரி தூங்கவிடாம அரிச்சா சார்கோப்டிக் சொறி, அதாவது தோலுக்குள்ள வளை தோண்டுற பூச்சியால வர்ற ஒட்டுற சொறி. செம்பிக்கு இந்த நாலும் இருந்துச்சு.

அப்புறம் காது நுனிய ரெண்டு விரல்ல பிடிச்சு லேசா மடக்கித் தேய்ச்சாங்க. உடனே செம்பியோட பின்னங்கால் தன்னால காத்துல சொறிய ஆரம்பிச்சது, விட்டா நிக்குது, தேய்ச்சா ஆடுது. சொறி இருக்குற நெறைய நாய்க்கு இப்படி ஆடும், இதை வச்சே முடிவு பண்ண முடியாது, ஆனா சந்தேகம் பலமாகும்னாங்க. கடைசியாத்தான் அந்தக் கேள்வி: "வீட்டுல யாருக்காச்சும் அரிப்பு இருக்கா?"

அம்மா பேசாம சேலைய ஒதுக்கி முன்னங்கையக் காட்டுனாங்க. சிவப்புச் சிவப்பா பொரிப்பொரியா, இடுப்புலயும் இருக்குன்னாங்க. மூணு வாரமா இருக்காம், வேர்க்குரு போலன்னு எங்ககிட்ட சொல்லவே இல்ல. செம்பி தலை வச்சுப் படுக்குற மடி, அணைச்சுப் பிடிக்கிற கை, சரியா அந்த இடம்.

பிளேடுல லிக்விட் பாரஃபின் தொட்டு நாலு இடத்துல தோலைச் சுரண்டுனாங்க, லேசா ரத்தம் கசியுற வரைக்கும். மைக்ராஸ்கோப்புல பூச்சி ஒண்ணு கூட தெரியல. எனக்கு சப்புன்னு ஆயிருச்சு, அப்ப சொறி இல்லையான்னு கேட்டேன். இந்தப் பூச்சி அரை மில்லிமீட்டர் கூட இல்லாதது, தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வைக்கும், ஒரு நாய் மேல கொஞ்சமா இருந்தாலே பயங்கரமா அரிக்கும், சுரண்டுன இடத்துல அது சிக்கலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல தம்பின்னாங்க. பூச்சி கிடைக்காத சொறி கேஸ் நெறைய உண்டாம், அடையாளம் எல்லாம் பொருந்தி வந்தா மருந்து குடுத்துப் பார்த்து உறுதி பண்றதுதான் வழக்கமாம். செலோடேப்பை வயித்துத் தோல்ல ஒட்டி எடுத்து ஊதாக் கலர் சாயம் போட்டு என்னையும் பார்க்கச் சொன்னாங்க. குட்டிக் குட்டிப் புள்ளியா பாக்டீரியா, அதோட நிலக்கடலை மாதிரி நடுவுல இடுப்பு சிறுத்து ஈஸ்ட்ங்கிற பூஞ்சை. அந்தப் புளிச்ச வாடை இதுலருந்துதான்.

ஆக மூணு விஷயம் ஒண்ணு மேல ஒண்ணா ஏறி இருந்துச்சு. அடியில சொறிப்பூச்சி, அதுக்கு மேல சொறிஞ்சு சொறிஞ்சு வந்த பாக்டீரியாவும் ஈஸ்டும், எல்லாத்துக்கும் மேல நாங்க தடவுன ஆயில் கொப்புளம். நாங்க அஞ்சாறு வாரமா மேல் அடுக்கத்தான் நோண்டிக்கிட்டு இருந்திருக்கோம்.

மருந்து இதான், செம்பி எடைக்குக் குடுத்தது, வேற நாய்க்கு அப்படியே எடுத்துக் குடுக்காதீங்க. பூச்சிக்கு அஃபாக்சோலானர் 68 மில்லிகிராம் மாத்திரை, 10 முதல் 25 கிலோ நாய்க்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒரு தடவை, மூணு மாசம். வலிப்பு வந்த நாயா இருந்தா முன்னாடியே சொல்லணும், அதுக்கு இந்த வகை மாத்திரைய யோசிச்சுத்தான் தருவாங்க. பாக்டீரியாவுக்கு செஃபாலெக்சின் 500 மில்லிகிராம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, சோத்தோட, 21 நாள், நடுவுல நல்லாயிருச்சுன்னு நிறுத்தக்கூடாது. வாரம் ரெண்டு தடவை குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு. இந்த ஷாம்பு விஷயத்துலதான் பெரும்பாலும் கோட்டை விடுவாய்ங்க, நுரை வந்ததும் கழுவிருவாய்ங்க. 10 நிமிஷம் தோல்ல ஊறணும். நான் போன்ல டைமர் வச்சுக்கிட்டேன், அந்த 10 நிமிஷமும் அம்மா அவ தலையப் பிடிச்சுக்கிட்டு ஏதாச்சும் பேசிக்கிட்டே இருப்பாங்க, அசையாம நிப்பா. அக்குள், தொடை இடுக்கு ஈரம் இல்லாம துடைக்கணும். குளிச்ச பிறகு எண்ணெய் எதுவும் கிடையாது.

சித்தப்பா அதுக்குள்ள மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் பாட்டிலைக் காட்டி இதைப் போடலாமான்னு கேட்டாரு. அது 1 மில்லிக்கு 10 மில்லிகிராம், 50 கிலோ மாட்டு எடைக்கு 1 மில்லின்னு கணக்குப் பண்ணி செஞ்சது, 17 கிலோ நாய்க்குக் கண்ணளவுல சிரிஞ்சுல ஏத்துனா கொஞ்சம் கூடுனாலும் ஆபத்து, கோலின்னு ஒரு வெளிநாட்டு இனத்துல நெறைய நாய்க்கு மருந்து மூளைக்கே போயிரும், நாங்க அளந்து போடுறது வேற நீங்களா போடுறது வேறன்னு டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.

பக்கத்து வீட்டு டைகருக்கும் எங்க கொட்டத்துல இருந்த நாய்க்குட்டிக்கும் அன்னிக்கே மாத்திரை குடுக்கச் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அத்தை "எங்க டைகர் சொறியவே இல்லையேப்பா"ன்னாங்க. புதுசா ஒட்டுன நாய்க்கு அரிப்பு தெரிய சில வாரம் ஆகும், அதுவரைக்கும் அது இவளுக்குத் திருப்பிக் குடுத்துக்கிட்டே இருக்கும்னு வெளக்கிச் சொல்லி நானே வாங்கிக் குடுத்தேன். செம்பி படுத்த சாக்கை எரிச்சோம், துணியெல்லாம் கொதிக்கிற தண்ணில போட்டு வெயில்ல காயவச்சோம். நாயை விட்டுக் கீழ விழுந்த சொறிப்பூச்சி காஞ்ச எடத்துல ரொம்ப நாள் தாங்காது, அதனால வீட்டைப் புரட்டிப் போட வேண்டியதில்ல.

தினமும் ராத்திரி அரிப்புக்கு 0-ல இருந்து 10-க்குள்ள ஒரு நம்பர் போட்டு எழுதி வைக்கச் சொன்னாங்க. 0 நாள்: 9. 3-வது நாள்: 9. 6-வது நாளும் 9.

அந்த ஆறாவது நாள் ராத்திரிய மறக்க முடியாது. மணி ஓயல, கழுத்துல மாட்டுன பிளாஸ்டிக் கூம்பை சுவத்துல மோதி மோதி அழுகுறா, அம்மா எழுந்து வந்து "அந்த ஊசியவே போட்டுரலாம்ப்பா, என்னால பார்க்க முடியல"ன்னாங்க. எனக்கும் அதான் தோணுச்சு. காலைல டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பூச்சி செத்தாலும் அதோட ஒடம்பு, கழிவு, முட்டை ஓடு எல்லாம் தோலுக்குள்ளயே இருக்கும், தோல் அதை எதிர்த்துக்கிட்டு இருக்கும், ரெண்டு வாரம் வரைக்கும் அரிப்பு இருக்குறது சகஜம், இப்ப மருந்து வேலை செய்யலன்னு மாத்துனீங்கன்னா மறுபடி ஆரம்பத்துல இருந்துதான்னாங்க. இன்னும் மூணு நாள் பாருங்க, சுத்தமா தூக்கம் இல்லன்னா கூட்டிட்டு வாங்க, பூச்சி மருந்து உள்ள இருக்கும்போது கொஞ்ச நாளைக்குக் குறைஞ்ச அளவு ஸ்டீராய்டு மாத்திரை தரலாம்னாங்க. அந்த மூணு நாளும் நானும் சித்தப்பாவும் மாத்தி மாத்தி ஈரத்துணிய வயித்துல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம்.

9-வது நாள் 7. 11-வது நாள் 5. 14-வது நாள் 4, அன்னிக்கு ராத்திரி மணி ரெண்டே தடவைதான். அம்மா கையிலயும் பொரி அடங்கிருச்சு. நாய்ச் சொறிப்பூச்சி மனுஷத் தோல்ல குடும்பம் நடத்தாது, நாய் சரியானா நமக்கும் சில வாரத்துல தன்னால போயிரும், அம்மாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேலமைன் லோஷன் மட்டும்தான் குடுத்தாய்ங்க. 21-வது நாள் மறுபடி செலோடேப் பார்த்ததுல பாக்டீரியா, ஈஸ்ட் ரெண்டும் இல்ல, செஃபாலெக்சினை நிறுத்தியாச்சு. 28-வது நாள் 1. காது ஓரத்துல பட்டு மாதிரி புது முடி. 30-வது நாள் ரெண்டாவது மாத்திரை.

இதோட முடிஞ்சிருக்கணும். 60-வது நாள் குடுக்க வேண்டிய மூணாவது மாத்திரைய, நாய்தான் நல்லாயிருச்சேன்னு நான் தள்ளிப் போட்டேன், அது என் தப்பு. 68-வது நாள் ராத்திரி மணி. நோட்டுல 5. வீட்டுல எல்லாருக்கும் மொகம் செத்துப் போச்சு, சொறி திரும்ப வந்துருச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க.

ஆனா இந்தத் தடவை நான் மொதல்ல எடத்தைப் பார்த்தேன். காது ஓரம் சுத்தமா இருக்கு, முழங்கை சுத்தமா இருக்கு, காது நுனியத் தேய்ச்சா கால் ஆடல. கடிக்கிறது பூரா வாலடியில. சீப்பால வாரி, விழுந்த கருப்புப் பொடிய ஈரமான வெள்ளைத் துணியில போட்டேன், ஒவ்வொரு பொடியச் சுத்தியும் செங்காவிக் கலர்ல கசிஞ்சது. அது மண்ணு இல்ல, தெள்ளுப்பூச்சியோட கழிவு, செரிச்ச ரத்தம். தை கடைசியில ஆட்டுக்குப் போட படப்பைக் கலைச்சிருந்தோம். தெள்ளுப்பூச்சி கூட்டுப்புழுவா மாசக்கணக்குல சும்மா கெடக்கும், நடமாட்டமும் சூடும் பட்டா குபுக்குன்னு வெளிய வரும், மாத்திரையோட வீரியம் தீர்ந்து போன நேரம் பார்த்து வந்துருச்சு. போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்புனேன், தெள்ளுப்பூச்சிதான், அதே மாத்திரை போதும், இனி மாசம் தவறாதீங்கன்னாங்க. மூணு நாய்க்கும் ஒரே நாள்ல குடுத்து, அடிப்படப்பை வாரி வெயில்ல விரிச்சு, கொட்டத்தைத் தெனமும் கூட்டி அள்ளுனோம். 72-வது நாள் 2. 80-வது நாள் 0.

சொறி எங்கருந்து வந்துச்சுங்கிறதும் இப்ப ஓரளவு தெரிஞ்சுருச்சு. டீக்கடை வாசல்ல ஒரு கருப்புப் பொட்டை படுத்திருக்கும், செம்பி அது கூடத்தான் ஐப்பசி மழையில கடை ஓட்டுக்குக் கீழ ஒண்டிக் கெடந்தா. காது ஓரம் சாம்பப் பொருக்கு, முழங்கை வழவழன்னு, கடைக்கு வர்றவங்க எல்லாம் வெரட்டி விடுறாய்ங்க. டாக்டரம்மா ஒரு நடை வந்து பார்த்தாங்க, எடை 12 இருக்கும்னாங்க, வயித்துல குட்டி ஒண்ணும் இல்லன்னாங்க. நேத்து சாயங்காலம் சித்தப்பா மாத்திரைய பன்னுக்குள்ள வச்சு நீட்டுனாரு, மொதல்ல பயந்து பின்னாடி போயி, அப்புறம் வந்து வாங்கிக்கிச்சு. நோட்டுல புதுப் பக்கம் போட்டிருக்கேன். 0 நாள்: 8.